2018இல் அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் பிரித்த குழந்தைகளைப் பெற்றோரிடம் திரும்பச் சேர்ப்பது ஏன் அவ்வளவு கடினமானது?

பிரித்தது ஒரு துறை, குழந்தைகளை வைத்திருந்தது இன்னொரு துறை. இரண்டுக்கும் பொதுவான பதிவேடு இல்லை. சிக்கலின் வேர் இதுதான்.

2018 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், அனுமதியின்றி எல்லை தாண்டும் எவர்மீதும் குற்ற வழக்குப் போடச் சொன்னார். முதல் முறை என்றால் அது சிறு குற்றம். அதிகபட்சம் 6 மாதச் சிறை. (எந்த வழியாக நுழைந்தாலும் அடைக்கலம் கோரலாம் என்பதும் அதே நாட்டுச் சட்டம்தான்.) வழக்குக்காகப் பெற்றோர் மார்ஷல்கள் (விசாரணைக் கைதிகளைப் பொறுப்பேற்கும் மத்திய அதிகாரிகள்) காவலுக்குப் போனதும், பிள்ளை காகிதத்தில் 'துணையின்றி வந்த சிறார்' ஆகிவிடும். அப்படிப்பட்ட சிறாரைப் பொதுவாக 72 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறையின் அகதிகள் மறுவாழ்வு அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். பல பெற்றோருக்குக் காவலில் கழித்த நாட்களே தண்டனையாகிவிட்டன. ஆனால் அவர்கள் திரும்பி வருவதற்குள் பிள்ளை வேறு மாநிலக் காப்பகத்தில் இருக்கும்.

ஜூன் 20 அன்று டிரம்ப் பிரிப்பை நிறுத்த ஆணையிட்டார். ஏற்கெனவே பிரிந்தவர்களைச் சேர்க்க அதில் வழியில்லை. ஜூன் 26 அன்று சான்டியாகோ நீதிபதி டானா சப்ரா கெடு விதித்தார்: 5 வயதுக்குக் கீழுள்ளவர்களை 14 நாளிலும் மற்றவர்களை 30 நாளிலும் சேர்க்க வேண்டும். அதற்குள் 400க்கும் மேற்பட்ட பெற்றோர் பிள்ளையின்றி நாடு கடத்தப்பட்டிருந்தார்கள். பெயரை முழுதாகச் சொல்லத் தெரியாத குழந்தைகள் ஒருபுறம், ஸ்பானிஷ் அல்லாமல் மாம், கிச்சே என்ற மாயன் மொழிகள் மட்டுமே பேசும் குவாத்தமாலாக் குடும்பங்கள் மறுபுறம். கடைசியில் தன்னார்வலர்கள் மலைக் கிராமங்களுக்கே போய்த் தேடினார்கள்.