மீட்டர் பிரிட்ஜ் முன்னால் நிற்கும் மகளை நீட் ரிப்பீட்டுக்கு அனுப்பலாமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. பிளஸ் டூ படிக்கும் மகளை அடுத்து எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அரையாண்டில் அவளுக்கு இயற்பியல் எழுபதுக்கு 64, கணிதம் தொண்ணூறுக்கு 81, உயிரியல் எழுபதுக்கு 46. இது கவலைப்பட வேண்டிய பிள்ளையின் மதிப்பெண் அல்ல. ஆறுதல் அவ்வளவுதான். இனி, உங்கள் அண்ணன் சொல்லும் இரண்டு யோசனைகளும் ஏன் தப்பு என்று சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் சேர்த்து ஒரு வருஷம் ரிப்பீட் போட வேண்டும் என்கிறார். நீட் தேர்வில் 180 கேள்விகள். அதில் 90 உயிரியல். கணிதம் ஒரு கேள்விகூடக் கிடையாது. உங்கள் மகளுக்கு எது குறைவாக வருகிறதோ அதில் பாதித் தேர்வு, எது நன்றாக வருகிறதோ அதற்கு இடமே இல்லை. கோச்சிங், ஹாஸ்டல் என்று லட்சத்துக்கு மேல் செலவழித்து, அவளுக்குப் பிடிக்காத பாடத்தை ஒரு வருஷம் மனப்பாடம் செய்ய வைப்பதை முயற்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதுவும் கைகூடாவிட்டால் அரை ஏக்கரை விற்றுத் தனியார் மருத்துவக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கலாம் என்பது இரண்டாவது யோசனை. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல், நாலரை வருஷம். மெஸ், புத்தகம் தனி. வீட்டில் அடுத்து ஒரு தம்பியும் இருக்கிறான். நிலத்தை விற்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இப்போது நீங்கள் புகாராக அனுப்பிய ரெக்கார்டு நோட்டுப் பக்கத்துக்கு வருகிறேன். "மீட்டர் பிரிட்ஜ் ஒண்ணுக்கே ரெண்டு மணி நேரம் லேபில் நின்னாளாம், டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். மீட்டர் பிரிட்ஜ் என்பது 100 செ.மீ. கம்பியை வைத்துத் தெரியாத மின்தடையைக் கண்டுபிடிக்கும் கருவி. அந்தப் பக்கத்தில் இருப்பது இது: தெரியாத மின்தடையை இடப்பக்கம் வைத்தபோது மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள், கம்பியில் 42.6 செ.மீ.-ல் சுழியைக் காட்டியது. மின்தடைகளை இடம் மாற்றி வைத்தபோது 58.2. இரண்டையும் கூட்டினால் 100 வர வேண்டும், 100.8 வந்திருக்கிறது. வழக்கமாகப் பிள்ளைகள் இங்கே 57.4 என்று எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவார்கள். இவள் திருகுகளை இறுக்கி, இணைப்புக் கம்பிகளின் முனையை மணல்தாளால் தேய்த்து, மூன்று முறை திரும்ப அளந்திருக்கிறாள். மூன்றையும் அடிக்காமல் வைத்திருக்கிறாள்.

அந்த 0.8 எங்கிருந்து வந்தது தெரியுமா? கம்பி இரு முனையிலும் செப்புப் பட்டையோடு சேரும் இடத்தில் சின்ன மின்தடை இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் கூட்டுத்தொகை சரியாக 100. வலது முனையில் 0.8 செ.மீ. கம்பிக்குச் சமமான மின்தடை கூடுதலாக இருந்தால் 100.8. அளவு சொன்னதை மாற்றாமல் காரணம் தேடும் குணத்தைச் சொல்லிக்கொடுத்து வரவழைப்பது கடினம். அவளிடம் தானாகவே இருக்கிறது.

பொறியியல் கவுன்சலிங் பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லும், அதை விடுகிறேன். உங்கள் வீட்டில் யாரும் வாயெடுக்காத ஒன்றைப் பார்ப்போம்: ஐசர். இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் என்பது முழுப் பெயர். மத்திய அரசுடையது. புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு இடங்களில் இருக்கிறது. 2006-ல் முதல் இரண்டு தொடங்கின. திருப்பதி 2015-ல் வந்தது. பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்தால் ஐந்து வருஷத்தில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த பி.எஸ்.-எம்.எஸ். இரட்டைப் பட்டம். முதல் வருஷம் எல்லோரும் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் படித்து, பிறகுதான் தனக்கான பாடத்தை முடிவு செய்கிறார்கள். ஐந்தாம் வருஷம் பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் ஆய்வேடுதான். உங்கள் மகளை இன்று திட்டும் காரியத்தை அங்கே பாடமாகவே செய்யச் சொல்வார்கள்.

சேர ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள்: நான்கு பாடத்திலும் தலா 15. சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு, மொத்தம் 240. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ.-க்குப் படிப்பவர்களுக்கு உயிரியல் இருக்காது, நீட்டுக்குப் படிப்பவர்களுக்குக் கணிதம் கைவிட்டுப் போயிருக்கும். பயோ-மேக்ஸ் குரூப் எடுத்த பிள்ளைக்கு நான்குமே கையில் இருக்கிறது. உயிரியலில் அவள் வாங்கிய 46-கூட இங்கே பயன்படும். ஆகவே நீட்டுக்காகக் கணிதத்தை ஓரங்கட்டச் சொல்லும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு நேரே பிளஸ் டூவை ஓட்டுவது முதல் தவறு. இயக்கவியல், வெப்ப இயக்கவியல், வேதிச் சமநிலை எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. அவற்றிலிருந்தும் கேள்வி வரும். அடுத்தது மொழி. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்தவளுக்கு உந்தம் தெரியும், மொமெண்டம் என்றால் ஒரு நொடி தடுமாறுவாள். மத்தியப் பாடத்திட்டத்தின் என்.சி.இ.ஆர்.டி. ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழ்ப் புத்தகத்தோடு சேர்த்துத் திறந்து வைத்து, ஒரு நாளைக்குப் பத்துச் சொல் வீதம் இரண்டு பத்தியாக ஒரு நோட்டில் எழுதட்டும். மூன்று மாதத்தில் தொள்ளாயிரம் சொல் சேரும். அது தாராளமாகப் போதும்.

சான்றிதழில் கோட்டை விடுபவர்களும் உண்டு. நம் மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவில் வராத பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும், அதுவும் புதிதாக எடுத்தது. கடைசி வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடாமல் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விண்ணப்பம் வழக்கமாக மார்ச்சில் தொடங்கும், சரியாகப் பொதுத் தேர்வு நேரம். அவள் படிக்கட்டும், படிவத்தை நீங்கள் நிரப்புங்கள். தேர்வு மே கடைசியிலோ ஜூனிலோ நடக்கும். பிறகு கலந்தாய்வில் சுற்றுவாரியாக இடம் தருவார்கள்; குறித்த நாளுக்குள் பணம் கட்டி உறுதி செய்யாவிட்டால் கிடைத்த இடம் போய்விடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்கு வருஷப் படிப்புக்கும் இதே மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

செலவு வளாகத்துக்கு வளாகம் மாறும். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தாலும் நிர்வாக ஒதுக்கீட்டில் ஒரு வருஷக் கட்டணத்தை ஒட்டியே நிற்கும். கையில் இல்லையென்றால், 2024-ல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையில்லாக் கடன் கேட்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு.

"கடைசியில் வாத்தியார் வேலைதானே?" என்கிறார் அண்ணன். கல்லூரி ஆசிரியர் வேலை இளப்பமல்ல; அதுவும் ஒரு வழிதான். பி.எச்டி. சேர்ந்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. கல்பாக்கத்தில் அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. மருத்துவமனையில்தான் மகளைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு: எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் கதிரியல் இயற்பியலில் ஒரு வருஷப் பட்டயம் முடித்தால் மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சையில் நோயாளிக்கு எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் என்று கணக்கிடுவது அவர்கள் வேலை. ஆனால் 22 வயதில் சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால் இந்தப் பாதை நீளமானது. அதை இப்போதே அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐ.ஏ.டி. கிடைக்காமல் போனால்? நல்ல அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். 6 முதல் 12 வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கேட்கலாம். மூன்றாம் வருஷம் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். ஒரு வருஷமும் வீணாகாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ரெக்கார்டு நோட்டை முடிக்கச் சொல்லுங்கள். அது முழுமையாக இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குப் போவது தேவையில்லாத தலைவலி. ஆனால் 58.2-ஐ 57.4 ஆக்க வேண்டாம். அட்டவணைக்குக் கீழே "முனைத் திருத்தம்" என்று தலைப்பிட்டு, 0.8 ஏன் வந்தது என்று நாலு வரி எழுதி, டீச்சரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கட்டும்.