மேப்பிள் தண்டு ஏன் வளைந்தது?

வணக்கம். பில்லியர்ட்ஸ் போன்ற ‘பூல்’ (pool) மேசை விளையாட்டில் பந்தை அடிக்கும் கோலின் தண்டுக்காக மேப்பிள் மரக் கட்டையை லேத்தில் ஏற்றி, ஒரே நாளில் 13 மில்லிமீட்டர் முனை வரை கடைந்ததாகவும், இரண்டே வாரத்தில் தண்டு வில்லாக வளைந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். லேத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; அவசரமே காரணம். மரத்தின் மேற்பரப்பைச் சீவியெடுக்கும்போது உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் தளர்வதாலும், புதிதாக வெளிப்பட்ட பரப்பு காற்றின் ஈரத்துக்கேற்பச் சுருங்குவதாலோ விரிவதாலோ, ஒவ்வொரு கடைசலுக்குப் பிறகும் தண்டு சற்றே அசைந்துதான் நிலைகொள்ளும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே எடுத்து, சில வாரங்கள் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மீண்டும் மையம் பார்த்துக் கடையுங்கள். தேர்ந்த கைவினைஞர்கள் ஒரு தண்டுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது இதற்காகவே.

அடுத்த கட்டையில் ஒரு சொட்டுப் பேனா மையை வைத்துப் பாருங்கள்; அது நார் ஓடும் திசையில் மெல்லிய கோடாகக் கசியும். அந்தக் கோடு விளிம்பை நோக்கிச் சாய்ந்தால், மரம் எவ்வளவு வெண்மையாக இருந்தாலும் வாங்காதீர்கள். வளைந்த தண்டைச் சூடுகாட்டி நிமிர்த்த வேண்டாம்; பெரும்பாலும் அது பழைய வளைவுக்கே திரும்பிவிடும். வளைவு சிறிதென்றால், சில மாதங்கள் தொங்கவிட்டபின் அதையே 12 மில்லிமீட்டர் முனையுள்ள மெல்லிய தண்டாகக் கடைந்துகொள்ளலாம்.