ஸ்பெயினிலிருந்து பிரிய வாக்கெடுப்பு நடத்திய கேட்டலோனியா மாகாணத் தலைவர்களைச் சிறையில் போட்டது நியாயமா? திராவிட நாடு கேட்டவர்கள் மீது ஏன் அப்படி வழக்கு வரவில்லை?

மன்னார்குடிப் பக்கம் வக்கீலாக இருக்கிறேன். தேர்தல் வந்தால் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் வேட்புமனு நிரப்பிக் கொடுப்பேன். கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் அந்த மனுவிலேயே இருக்கிறது.

1962இல் தஞ்சாவூர்த் தொகுதியில் கருணாநிதி ஜெயித்தபோது தி.மு.க.வின் கொள்கை திராவிட நாடுதான். அதே ஆண்டு அண்ணா மாநிலங்களவையிலேயே சுயநிர்ணய உரிமை கேட்டுப் பேசினார். அதற்காக யாரும் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. அந்த வருடம் அவர் வேலூர் சிறைக்குப் போனது விலைவாசி உயர்வை எதிர்த்த போராட்டத்துக்காக. டில்லி வேறு வழி பார்த்தது. சீனப் போர் முடிந்த கையோடு, 1963இல், அரசமைப்பின் 16ஆவது திருத்தம் வந்தது. சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ நிற்பவர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மனு தள்ளுபடி. தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. இன்றைக்கும் ஆர்டிஓ ஆபீசில் வேட்பாளர் கடகடவென்று வாசித்துவிட்டு வெளியே காத்திருக்கும் மாலைக்கு ஓடுகிறாரே, அந்தப் பத்திதான் இது. எதற்காக வந்தது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்!

ஸ்பெயினில் பிரிவினை பேசும் கட்சி தேர்தலில் நிற்கலாம், மாகாண ஆட்சியையும் பிடிக்கலாம். வழக்கு வந்தது பேச்சுக்காக அல்ல. அரசமைப்பு நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகும் 2017 அக்டோபர் 1 அன்று வாக்கெடுப்பு நடத்தியதற்காக. 2019 அக்டோபர் 14இல் தீர்ப்பு வந்தது. 12 பேரில் 9 பேருக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறை, மூவருக்குச் சிறை இல்லை, அபராதமும் பதவி வகிக்கத் தடையும்தான். அரசுத் தரப்பு சாட்டிய ஆயுதக் கிளர்ச்சிக்கு ஒப்பான பெரிய குற்றம் நிற்கவில்லை. அதற்கு ஒரு படி கீழே உள்ள பிரிவில்தான் தண்டித்தார்கள்.

கோர்ட் உத்தரவை மீறிய அமைச்சர்கள் மீது வழக்குப் போட்டதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. பதவி நீக்கம், தேர்தலில் நிற்கத் தடை, அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜோர்டி சான்செஸ், ஜோர்டி குஷார்ட் இருவரும் எந்த அரசுப் பதவியிலும் இல்லாதவர்கள், பிரிவினை கோரும் அமைப்புகளின் தலைவர்கள். பார்சிலோனாவில் சோதனை நடந்த ஓர் அரசு அலுவலகத்துக்கு வெளியே திரண்ட கூட்டம்தான் அவர்கள் மீதான வழக்கின் மையம். அதற்கு ஆளுக்கு 9 ஆண்டா? இங்கே காவிரித் தண்ணீருக்காக ரயிலை மறித்தவர்களைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் நடந்ததையும் பாருங்கள். 2021இல் அரசே மன்னித்து அந்த 9 பேரையும் வெளியே விட்டது. பிறகு அவர்களைத் தண்டித்த குற்றப் பிரிவையே சட்டத்திலிருந்து எடுத்தது. 2024இல் பொதுமன்னிப்புச் சட்டமும் வந்தது. கோர்ட்டில் காலம் தள்ளும் எனக்கு உறுத்துவது வேறொன்று. மாகாணத் தலைவர் பூஜ்டிமோன் பெல்ஜியத்துக்குப் போய்விட்டார், ஸ்பெயின் சிறையில் ஒரு நாள்கூட இருக்கவில்லை. ஊரிலேயே நின்று வழக்கைச் சந்தித்த துணைத் தலைவர் ஜுன்கேராஸ் மூன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார்.