தாத்தாவின் சவரக்கத்திக்கு மரப்பிடி

கேள்வி: தாத்தா சலூனில் வைத்திருந்த மடக்குச் சவரக்கத்தி கிடைத்தது. அலகில் 'சோலிங்கன்' முத்திரை இருக்கிறது. பிடி வெடித்து, கற்பூர வாசனை அடிக்கிறது. மரப்பிடி போடலாமா? - வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போடலாம். சோலிங்கன், கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊர். ஆனால் பழைய பிடியை இன்றே கழற்றுங்கள். அது செல்லுலாய்டு என்ற பழைய கால பிளாஸ்டிக், சிதையும்போது வெளிவரும் அமில வாயு அலகைத் துருப்பிடிக்க வைக்கும். சட்டென்று தீயும் பற்றும்.

முதலில் கத்தி வாயில் டேப் ஒட்டுங்கள். ஆணித் தலையை அரத்தால் ராவிவிட்டுத் தட்டி எடுங்கள், நெம்பாதீர்கள். துருவை எண்ணெய் தொட்ட உப்புத்தாளால் கையால்தான் தேய்க்க வேண்டும். சாணை மெஷினில் கொடுத்தால் சூடேறி எஃகின் பதமே போய்விடும். என் அப்பாவின் கத்தி ஒன்று அப்படித்தான் வீணானது, இன்றும் மனசு ஆறவில்லை.

பிடிக்கு நன்றாக உலர்ந்த ஈட்டி மரம் நல்லது. 3 மி.மீ. கனத்தில் இரண்டு பட்டை போதும். இரண்டையும் தற்காலிகமாக ஒட்டவைத்துச் சேர்த்தே துளை போடுங்கள். வால்பக்கம் இடையில் வைக்கும் சிறு ஆப்பில்தான் முழு வேலையும் இருக்கிறது. அது ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட வேண்டும். கனம் கூடினால் பட்டை வளையும், குறைந்தால் அலகு மரத்தில் உரசும். அப்புறம் துளைகளில் ஆணியாக 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி, இருபுறமும் வாஷர். கம்பி முனையைச் சிறு சுத்தியலால் மெல்ல, சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். அலகு லேசான இறுக்கத்தோடு மடங்கி, நடுவில் இறங்கினால் தட்டுவதை நிறுத்திவிடுங்கள்.