நிறவெறிப் பாடமும் நம் கல்லறைத் தோட்டமும்

அன்புள்ள ஐயா,

கடலூரில் ஒரு லுத்தரன் சபையின் வாலிபர் சங்கப் பொறுப்பில் இருக்கிறேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு லுத்தரன் சபையோடு எங்களுக்கு நெடுநாள் தொடர்பு உண்டு. நிறவெறி பற்றி அவர்கள் ஆறு வாரப் படிப்பு நடத்துகிறார்களாம். வரும் லெந்து (தவக்கால) நாட்களில் நீங்களும் நடத்துங்கள், முடிவில் ஜூமில் சேர்ந்து பேசலாம் என்று பாடத்திட்டம் அனுப்பியிருக்கிறார்கள். ஆயர் சம்மதித்துவிட்டார். "இங்கே இது சாதியைப் பற்றியல்லவா இருக்கணும்" என்கிறார்கள் வாலிபர்கள். கமிட்டியில் மூத்தவர்கள் இருவர், "நம்ம சபையில சாதியே கிடையாது, இருக்கிற ஒத்துமையைக் கெடுக்காதீங்க" என்கிறார்கள். ஆனால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கிழக்குப் பக்கம் காலனிக்காரர்களுக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கிருந்து தொடங்குவது? அமெரிக்கப் பாடத்தை அப்படியே நடத்தலாமா?

பெயர் வேண்டாம்,
கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்கப் பாடத்தை நடத்துங்கள், ஒரே ஒரு வாரம். மிச்ச ஐந்து வாரமும் கடலூருக்கு. ஆறு வாரமும் அமெரிக்காவையே படித்தால் என்ன ஆகும் என்று இப்போதே சொல்லிவிடலாம். எல்லாரும் வருவார்கள், எல்லாரும் வருத்தப்படுவார்கள், மார்ட்டின் லூதர் கிங் படத்தின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். யாருக்கும் ஒரு காசு நஷ்டம் இராது.

அந்த ஒரு வாரத்தில் அவர்களுடைய நாட்டையே பொதுவாகப் பேசாமல் அவர்களுடைய திருச்சபையைப் பேசுங்கள். 2015 ஜூன் 17 புதன்கிழமை, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், இம்மானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் ஆலயத்தின் வேதபாடக் கூட்டத்தில் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்ற வெள்ளை இளைஞன், அந்நாட்டின் மிகப் பெரிய லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சபையின் உறுப்பினன். கொல்லப்பட்ட போதகர்களில் இருவர் லுத்தரன் இறையியல் கல்லூரியில் படித்தவர்கள். கொன்றவனும் எங்கள் வீட்டுப் பிள்ளை, செத்தவர்களும் எங்கள் வீட்டில் படித்தவர்கள் என்ற நிலைமைதான் அவர்களைக் கணக்குப் பார்க்க வைத்தது. 2019ல் அந்தத் திருச்சபை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மன்னிப்பு கேட்டு அறிக்கை வெளியிட்டது. இது தெரிந்தால் உங்கள் வாலிபர்களுக்கு அந்தப் பாடத்திட்டம் வேறு மாதிரி புரியும்.

அதே வாரத்தில் அரைமணி நேரம் தென்னாப்பிரிக்காவுக்கும் கொடுங்கள். அங்கே டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் 1829ஆம் ஆண்டு மாநாடு, நிறம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் திருவிருந்து (நற்கருணை) என்று தீர்மானித்தது. 1857ல் அதே திருச்சபை, சிலருடைய பலவீனத்தின் நிமித்தம் தனியாகவும் நடத்திக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. யாருடைய பலவீனம்? கறுப்பர் பக்கத்தில் முழங்காலிட முடியாத வெள்ளையருடையது. அந்தச் சலுகை 1881ல் தனித் திருச்சபையாகவே முடிந்தது. லுத்தரன் உலகச் சம்மேளனம் 1977ல் தார் எஸ் சலாமில் கூடி, இன ஒதுக்கலை எதிர்ப்பது விசுவாச அறிக்கையைச் சேர்ந்த விஷயம் என்று அறிவித்தது. 1984ல் புடாபெஸ்டில் தெற்கு ஆப்பிரிக்காவின் இரண்டு வெள்ளையர் திருச்சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டு லுத்தரன் திருச்சபைகளும் அந்தச் சம்மேளனத்தில் உறுப்புதான். கேப் டவுனில் தனிக் கிண்ணம் வைத்தால் விசுவாசப் பிரச்சினை, கடலூரில் தனிக் கல்லறை வைத்தால் ஊர் வழக்கம் என்று எப்படிச் சொல்வது என மூத்தவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

இரண்டாம் வாரம் நம் சொந்தச் சரித்திரம். இதற்கு வெளியூர்ப் பேச்சாளர் தேவையில்லை. பக்கத்துப் புதுச்சேரியில் 1704ல் போப்பின் தூதர் தூர்னோன் பதினாறு அம்ச ஆணை போட்டார். நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருமார் போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆணை போட்டுச் சொல்ல வேண்டிய நிலைமை இருந்தது என்று அர்த்தம். புதுச்சேரியின் கத்தோலிக்க ஆலயமான சம்பா கோவிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவர் 1745ல் இடிக்கப்பட்ட விவரம் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது. (இன்று மிஷன் தெருவில் நிற்பது 1791ல் கட்டி முடித்த கட்டடம். சுவர் இருந்தது அதற்கு முந்தியதில். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைத் தேடாதீர்கள்.) கத்தோலிக்கர் கதை என்று உங்கள் சபையார் நிம்மதியடையும் முன் அடுத்ததைச் சொல்லுங்கள். 1833ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முற்றாக விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்காத தஞ்சாவூர்க் குடும்பங்களில் பலர், பிறகு ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் இடம் தேடிக்கொண்டார்கள். சாதி சமூக வழக்கம், மெல்ல மெல்லத்தான் போகும் என்பது அந்த மிஷனின் நிலை. அதை ஒப்புக்கொள்ளாமல் வெளியேறிய கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி 1860களில் டேனிஷ் மிஷனின் பேரில் வேலை தொடங்கிய இடம் உங்களுக்குப் பக்கத்து மேல்பட்டாம்பாக்கம். அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. சாதியைப் பேசினால் சபை உடையும் என்கிறவரிடம் இதைச் சொல்லலாம். சாதியைப் பேசியதால்தான் இந்த வட்டாரத்தில் ஒரு திருச்சபையே உண்டானது.

மூன்றாம் வாரத்திலிருந்துதான் வேலை. அதற்கு ஒரு மாதம் முன்பே நாலு பேர் தயார் செய்ய வேண்டும். இரண்டு பேர் காலனித் தெருக்காரர்கள், இரண்டு பேர் மற்றவர்கள். ஒரு அளவுநாடா, ஒரு கிராஃப் தாள் அட்டை, ஒரு நோட்டு போதும்.

முதலில் கல்லறைத் தோட்டம். வரைபடம் போட்டு, ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் கல்லில் உள்ள ஆண்டு மட்டும். பெயர் எழுத வேண்டாம். ஒழுங்காக வரிசைப்படி புதைத்திருந்தால் ஆண்டுகள் வரிசையாக ஓடும். பிரித்துப் புதைத்திருந்தால் ஒரே ஆண்டு இரண்டு மூலையிலும் தலைகாட்டும். அதைப் பார்த்த பிறகு "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்வது கஷ்டம். அடுத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்று குறியுங்கள். கடலூர் மண்ணில் அந்த மாதங்களில் நாலடி தோண்டுவதற்குள் குழியில் ஊற்று வந்துவிடும் இடங்கள் உண்டு. சவப்பெட்டி மிதக்கிற மூலை யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு வியாக்கியானம் தேவைப்படாது. குழி வெட்டுகிறவர் யார், அவருக்குக் கூலி எவ்வளவு, சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாக வருகிறது, எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறது என்பதையும் எழுதுங்கள்.

பிறகு கமிட்டியின் மினிட் புத்தகத்தில் பிரித்துப் புதைக்கச் சொல்லும் தீர்மானம் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இராது. எழுதாத வழக்கத்தை ரத்து செய்ய முடியாது, அதனால் புதிதாக ஒரு விதி எழுத வேண்டும்: இனி அடுத்த மரணத்துக்கு அடுத்த குழி, வரிசைப்படி. இதில் ஓட்டை விழும் இடம் குடும்பக் கல்லறை. "எங்க அப்பா பக்கத்துல இடம் போட்டு வெச்சிருக்கோம்" என்று முதல் வாரமே பத்துப் பேர் வருவார்கள். ஏற்கெனவே கட்டிய கல்லறையைத் திறந்து கணவன் மனைவியைச் சேர்த்து வைக்கலாம், புதிதாக இடம் பிடித்து வைக்க அனுமதி கிடையாது என்று அதே தீர்மானத்தில் எழுதாவிட்டால், இரண்டே வருஷத்தில் பழைய வரைபடம் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது கிறிஸ்துமஸ் கீத பவனி, வீடு வீடாகப் பாடிப் போகிறது. இதை யாரும் சாதி விஷயமாக நினைப்பதில்லை, அதனாலேயே இதில் உண்மை அதிகம் கிடைக்கும். கடைசி மூன்று டிசம்பரின் வழித்தாளை வேன் ஓட்டியவரிடம் கேட்டு வாங்குங்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போனது? காலனிக்கு மட்டும் விடியற்காலை மூன்று மணி, பாதிப் பேர் வேனை விட்டு இறங்கவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள். யார் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் கேளுங்கள். மற்ற தெருக்களில் பொங்கலும் வடையும் காபியும். காலனியில் மட்டும் பாக்கெட் பிஸ்கட், பாட்டில் கூல்டிரிங்க்ஸ். கொடுக்கிறவர்களே அப்படித்தான் வாங்கி வைப்பார்கள், சமைத்ததை வைத்தால் தட்டு அப்படியே திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும். இதற்கு வழி, புறப்படும் தெருவை வருஷத்துக்கு வருஷம் மாற்றுவதும், இராச் சாப்பாட்டைச் சுழற்சி முறையில் எல்லாத் தெருவுக்கும் வைப்பதும்.

கமிட்டி, பொருளாளர், சினாட் (திருச்சபைப் பேரவை) பிரதிநிதி, வேதபாடம் வாசிப்பவர், ஆலயம் பெருக்குபவர், அன்பின் விருந்தில் பந்தி பரிமாறுபவர் ஆகிய பொறுப்புகளைப் பத்து வருஷத்துக்கு அட்டவணை போடுங்கள். திருமணப் பதிவேட்டை மட்டும் முதலில் தொடாதீர்கள். அதைத் தொட்டால் மூன்றாம் வாரத்திலேயே படிப்பு நின்றுவிடும். ஐந்தாம் வாரத்தில் பேசிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. எதிலும் சாதி எழுதாதீர்கள், தெருப் பெயரே போதும். "இங்கே தலித் யார், கை தூக்குங்கள்" என்று ஒருவரும் கேட்கக் கூடாது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி இந்துக்களும், 1956லிருந்து சீக்கியரும், 1990லிருந்து பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்பட முடியும். கிறிஸ்தவரானவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். இந்து ஆதிதிராவிடர் சான்றிதழோடு படித்து, வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெஞ்சில் உட்காருகிறவர்கள் இருப்பார்கள். புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானத்தையும் ஆலயத்துக்குப் போய்வரும் வழக்கத்தையும் கணக்கில் எடுத்து, பட்டியல் சாதிச் சான்றிதழ் தர மறுத்ததைச் சரி என்றது. ஆகவே பதிவேட்டை போனில் படம் எடுப்பது, கூட்டத்தை ரெக்கார்ட் செய்வது, வாட்ஸப் குழுவில் பெயரோடு சுருக்கம் போடுவது எதுவும் வேண்டாம். சாதியை எதிர்க்கக் கிளம்பி ஒரு வீட்டின் சம்பளத்துக்கு வேட்டு வைத்துவிடக் கூடாது. "கிறிஸ்தவனா இருந்துக்கிட்டு அந்த சர்டிபிகேட் வாங்கலாமா" என்று யாராவது கட்டாயம் ஆரம்பிப்பார். அது வேறு விஷயம், அதை ஆராய 2022ல் பாலகிருஷ்ணன் கமிஷனே போட்டிருக்கிறது, ஒரு வக்கீலை அழைத்துத் தனியாக ஒருநாள் பேசலாம் என்று நிறுத்திவிடுங்கள். விட்டால் ஆறு வாரத்தையும் அதுவே தின்றுவிடும்.

கூட்டம் நடத்தும் முறை சுருக்கமாக. ஒரு குழுவுக்கு எட்டிலிருந்து பத்துப் பேர், தெருக்கள் கலந்து. ஒன்றேகால் மணி நேரம். நடத்துகிறவர் இருவர், ஒருவர் காலனியிலிருந்து. ஆயர் நடத்த வேண்டாம், உறுப்பினராக உட்காரட்டும். அவருக்கு மாற்றல் வரும்போது படிப்பும் அவரோடு மூட்டை கட்டிக்கொண்டு போகக் கூடாது. கமிட்டியில் குறைந்தது மூன்று பேர் ஆறு வாரமும் வருகிறேன் என்று சொன்னால் தொடங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த லெந்துக்குத் தள்ளிப்போடுங்கள். வாலிபர் நிகழ்ச்சி என்று முத்திரை விழுந்தால் தீர்மானம் ஒருநாளும் வராது.

காலனிக் குடும்பங்களை எழுப்பி "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். தானாகச் சொல்ல வந்தால் கேளுங்கள், பதில் பேசாதீர்கள். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது நான்காம் வாரத்தை. ஒருவர் அழுவார், ஒருவர் மன்னிப்பு கேட்பார், எல்லாரும் கட்டிப்பிடிப்பார்கள், ஒரு பாமாலை பாடுவார்கள், படிப்பு அத்தோடு முடிந்தது. கல்லறை வரைபடம் அப்படியே இருக்கும். 1847ல் மதுரை அமெரிக்கன் மிஷன், உபதேசியார்கள் (மிஷனின் உள்ளூர் ஊழியர்கள்) எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று அன்பின் விருந்தைச் சோதனையாக வைத்தது. மறுத்துப் போனவர்கள் போனார்கள், சாப்பிட்டவர்கள் வீட்டில் எல்லாம் மாறிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. ஒருவேளைச் சாப்பாடும் ஒரு மணி நேர அழுகையும் ஏறக்குறைய ஒரே எடைதான். யாராவது அழுதால் தண்ணீர் கொடுங்கள், ஐந்து நிமிஷம் பொறுத்து வரைபடத்தை மறுபடி மேசையில் விரியுங்கள்.

ஒற்றுமை பற்றிய கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தூரமில்லாத எறையூரில், தனிப் பாதை, தனிக் கல்லறை என்று ஒதுக்கப்பட்ட தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு, அதாவது தனிச் சபை, கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அங்கே பல காலம் நிலவியதற்கும் ஒற்றுமை என்றுதான் பெயர். அந்த அளவுக்கு முற்றும் முன் மேசையில் உட்கார்ந்து பேசுவதுதான் நீங்கள் செய்ய இருப்பது. மூத்தவர்கள் இருவரும் பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். கிழக்குப் பக்கம் போக வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததேயில்லை. ஒரு மழைநாள் காலையில் குடையோடு அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், வாதம் செய்யாதீர்கள்.

ஆறாம் வாரம் இரண்டே தீர்மானங்கள், கல்லறை வரிசை ஒன்று, மற்றது கீத பவனியோ கமிட்டிச் சுழற்சியோ. ஒவ்வொன்றுக்கும் அமலாகும் தேதியும் பொறுப்பாளர் பெயரும் இருக்க வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு முன் இரண்டு ஞாயிறு அறிவிப்பு வாசிக்கப்பட வேண்டும், இல்லையென்றால் நோட்டீஸ் சரியில்லை என்று ஒருவர் எழுந்து அதிலேயே கவிழ்த்துவிடுவார். நாலைந்து குடும்பம் சந்தாவை நிறுத்தும். பொருளாளரிடம் அந்தத் தொகையை முன்கூட்டியே கணக்குப் போடச் சொல்லி, ஆறு மாதம் சமாளிக்க வழி பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள்.

ஜூம் கூட்டத்துக்குச் சனிக்கிழமை மாலை ஏழு மணி வைக்கலாம், அவர்களுக்கு மார்ச் நடுவிலிருந்து காலை ஒன்பதரை. உங்கள் தீர்மானம் இரண்டையும் ஆங்கிலத்தில் முன்னாடியே அனுப்பிவிட்டு, அவர்கள் நிறைவேற்றிய தீர்மானங்களை அனுப்பச் சொல்லுங்கள்.