அத்தையைக் கவனிப்பதா, ஊழியத்தைத் தொடர்வதா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 42 வயது, பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். கணவர் கடை வைத்திருக்கிறார், சபையில் கமிட்டி மெம்பரும்கூட. மகள் பத்தாவது, மகன் ஏழாவது. கல்யாணமாகி வந்த மறு வருஷத்திலிருந்து ஞாயிறு பள்ளி எடுக்கிறேன், 17 வருஷம் ஆகிவிட்டது. அதோடு கொயர், வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கம், மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, அசனம் என்கிற சபை விருந்து வந்தால் ராத்திரி முழுக்கக் காய் வெட்டுகிற இடத்தில், டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ். யாரும் கட்டாயப்படுத்தி இல்லை, சந்தோஷமாகத்தான் செய்தேன்.

போன ஆகஸ்டில் என் அத்தைக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் பள்ளிக்குப் போகிற நேரம் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருவார்கள், மீதி நேரமெல்லாம் நான்தான். அத்தை 40 வருஷம் தவறாமல் பிடி அரிசி எடுத்தவர்கள். உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு கைப்பிடியைக் கர்த்தருக்கென்று தனி டப்பாவில் போட்டு, மாதம் ஒருமுறை கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இப்போதும் காலையில் நாற்காலியை அடுப்படி வாசலில் போடச் சைகை காட்டி, நான் அரிசி அளந்ததும் இடது கையை நீட்டுகிறார்கள். ஒரு பிடி எடுத்தால் பாதி தரையில் சிந்துகிறது. பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதைக் கூட்டும்போது எனக்கு வருகிற எரிச்சல் எனக்கே பயமாக இருக்கிறது அக்கா.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சனிக்கிழமை ராத்திரி மறுநாள் பாடத்துக்குப் படம் வெட்டிக்கொண்டிருந்தேன், நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் விட்டுப் போக, அந்நியனான சமாரியன் காப்பாற்றுகிற கதை. அத்தை உள்ளே இருந்து சத்தம் கொடுத்தார்கள். கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன், ஒரு கால் மணி நேரம். போய்ப் பார்த்தபோது படுக்கை நனைந்திருந்தது, நான் கண்டபடி திட்டிவிட்டேன், அவர்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். காலையில் வகுப்பில் ஆசாரியன் பார்த்தும் பாராமல் விலகிப் போனான் என்று சொல்லும்போது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அவருக்கு அன்னைக்குக் கோயில்ல ட்யூட்டி இருந்திருக்குமோ?" என்று கேட்டான். எனக்கு வாயடைத்துப் போனது, இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

ஆறு மாதமாக மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. கொயரில் நிற்கும்போது வாய் பாடுகிறது, மனசு எங்கோ கிடக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று கணவரிடம் கேட்டால், "ஊழியத்தை விட்டா வீட்டு ஆசீர்வாதம் போயிரும், பிள்ளைங்க இருக்கு பாத்துக்கோ" என்கிறார். விட்டால் கர்த்தர் தண்டிப்பாரா? விடாமல் இருந்தால் நான் இன்னும் மோசமாக ஆகிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கால் மணி நேரத்தைப் பேசிவிடுவோம். அது பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் உங்கள் மனசு ஏற்காது. அத்தையிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்றால் இன்றைக்கே கேளுங்கள். பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் பலருக்கு, சொல்ல வராவிட்டாலும் நாம் சொல்வது பெருமளவு புரியும். கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து, சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அந்த ஒரு ராத்திரியை வைத்து 17 வருஷத்தையும் பொய் என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது கெட்ட மனசு இல்லை, முழுக்கக் களைத்துப்போன உடம்பும் மனசும். 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 'பர்ன் அவுட்' என்று இதைப் பற்றி எழுதியபோது அவர் கவனித்தது சம்பளத்துக்காக வேலை பார்த்தவர்களை மட்டும் இல்லை, நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் ஆசையாய் ஓடிவந்து தொண்டு செய்தவர்களையும்தான். மனசார இறங்கிச் செய்கிறவர்களுக்குத்தான் அது சீக்கிரம் வருகிறது. முதலில் களைப்பு, அப்புறம் யார் மேல் அன்பாக இருந்தோமோ அவர்கள் மேலேயே எரிச்சல், அப்புறம் நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

ஆனால் ஆறு மாதமாக விடியற்காலை விழிப்பு, எதிலும் மனசு ஒட்டாதது என்றால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள், தைராய்டும் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ராத்திரி தாங்க முடியாமல் போனால், அதுவும் வாழ்ந்து என்ன என்கிற மாதிரி நினைப்பு வந்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழில் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

தண்டிப்பாரா என்று கேட்டீர்கள். மாற்கு 7-ஆம் அதிகாரத்தை உங்கள் கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டுக் கைவிடுகிறவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசுகிறார் என்று பாருங்கள். தாயைக் கவனிக்க கோயில் வேலையைக் குறைத்துக்கொண்டவர்களை அவர் கண்டித்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

உங்கள் மாவட்டத்திலேயே ஒரு அம்மா இருந்தார். ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி 1895-ல் இந்தியா வந்து, கிராமம் கிராமமாகப் பெண்களோடு போய் நற்செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். 1901-லிருந்து தேவதாசிகளாக இந்துக் கோயில்களுக்கு விடப்பட்ட சிறுமிகள் அவரிடம் வர ஆரம்பித்தார்கள். கைக்குழந்தைகள் பெருகியதும் ஊர் ஊராய்ப் போவது நின்றது. பிரசங்கத்தை விட்டுவிட்டு ஆயா வேலை பார்ப்பது சரிதானா என்ற கேள்வி அவருக்கும் வந்தது. இயேசு துண்டை இடுப்பில் கட்டிச் சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துத்தான் அவர் சமாதானம் ஆனார். 1951-ல் சாகும்வரை உங்கள் மாவட்டத்து டோனாவூரிலேயே இருந்தார். அத்தையின் படுக்கை விரிப்பை மாற்றுகிற நேரம் ஊழியத்துக்கு நடுவில் வந்த தொந்தரவு என்று நீங்கள் நினைப்பதாகத் தோன்றுகிறது. என்னைக் கேட்டால் அதுவும் ஊழியம்தான், பேர் எழுதாத ஊழியம்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு அத்தை பக்கத்திலேயே கிடங்கள் என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் படம் வெட்டிய அதே கதையைக் கொஞ்சம் பாருங்கள். சமாரியன் ஒரு ராத்திரி கூட இருந்தான், மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து இவனைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனான், திரும்பி வருவேன் என்றான். காயம்பட்டவனை அவன் ஒருவனே சுமந்துகொண்டு திரியவில்லை. உங்கள் வீட்டில் சத்திரக்காரன் யார்? பெற்ற தாயை ராத்திரி இரண்டு முறை எழுந்து பார்ப்பது உங்கள் கணவரின் பொறுப்பும்தான், கமிட்டிக்குக் கொடுக்கிற ராத்திரியில் பாதி போதும் அதற்கு. இதைச் சண்டையாக இல்லாமல், டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே வைத்துப் பேசுங்கள், வீட்டில் காதில் ஏறாதது அங்கே ஏறும். கணவருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் வருஷத்தில் ஒரு மாதமாவது அவர்கள் முறை வரட்டும்.

சபை வேலையில் எது உங்களுக்குப் பிடித்ததோ அது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனின் கேள்வியை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அது ஞாயிறு பள்ளிதான் என்று நினைக்கிறேன், அதிலும் இன்னொரு டீச்சரோடு மாறி மாறி எடுங்கள். வி.பி.எஸ்., அசனம், கேரல், சங்கம் எல்லாம் ஒரு வருஷம் வேண்டாம். சபைப் போதகரான ஐயரிடம் நேரில் போய், "வீட்டில் அத்தை இப்படி இருக்கிறார்கள், ஒரு வருஷம் இதை மட்டும் செய்கிறேன் ஐயா" என்று சொல்லுங்கள். நீளமாக விளக்க வேண்டாம், விளக்கினால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். நான்கு பேர் பேசத்தான் செய்வார்கள்.

ஜெபம் வரவில்லை என்றால் பாடுங்கள். பேச்சு போனவர்களுக்கும் மனப்பாடமான பாட்டு சில நேரம் வாயில் வரும், பாட்டுக்கு மூளையின் மறு பக்கமும் கை கொடுக்கிறது, பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் இதைப் பயன்படுத்துவது உண்டு. உடம்பு துடைத்துவிடும்போது அத்தைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கீர்த்தனையை மெதுவாகப் பாடி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அரிசி விஷயம். அத்தை மடியில் ஒரு சுளகை (முறத்தை) வைத்து, அதில் அரிசியைக் கொட்டிக் கொடுங்கள், சிந்தினாலும் சுளகுக்குள்தான் சிந்தும். அவர்களிடம் மிச்சம் இருக்கிற ஊழியம் அந்த ஒரு கைப்பிடி. காலையில் ஐந்து நிமிஷம் முன்னால் உலை வைத்தால் போதும்.

அந்தப் பையனுக்கும் பதில் சொல்லிவிடுங்கள். வசனத்தின் மூல மொழியில் ஆசாரியன் 'இறங்கிப் போனான்' என்று இருக்கிறது. கோயில் இருந்த எருசலேம் மேட்டில், எரிகோ பள்ளத்தில். அவன் வீட்டுக்குத் திரும்புகிறவனாகத்தான் இருக்க வேண்டும், ட்யூட்டி முடிந்திருக்கும். நல்ல கேள்வி கேட்டாய் தம்பி என்று அவனிடம் சொல்லுங்கள். டாக்டரைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா