4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸில் நிற்பதும் மெதுவான சார்ஜும்

லேப்டாப்பின் ஒரே யூஎஸ்பி-சி போர்ட்டில் மானிட்டர், சார்ஜர், டிஸ்க் எல்லாவற்றையும் இணைக்கும் சிறு பெட்டிதான் ஹப். அதன் வழியாக இணைத்த 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸிலேயே (நொடிக்கு 30 முறை மட்டும் படம் புதுப்பித்து) நிற்கிறது, சார்ஜும் மெதுவாக ஏறுகிறது என்றால், பெரும்பாலும் ஹப்பைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். பெட்டியில் "4கே 60 ஹெர்ட்ஸ்" என்றே அச்சாகியிருக்க வேண்டும். வெறும் "4கே" என்றால் பெரும்பாலும் 30தான்.

யூஎஸ்பி-சியில் அதிவேகப் பாதைகள் நான்கு. உங்கள் ஹப்பில் யூஎஸ்பி 3 போர்ட்டுகள் இருப்பதால் இரண்டு தரவுக்குப் போய்விடும். மீதி இரண்டில்தான் படம். படத்தை அனுப்பும் முறையான டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2 பதிப்பில் அந்த இரண்டும் சேர்ந்து நொடிக்கு 8.64 ஜிகாபிட். 4கே 60-க்குச் சுமார் 12.5 வேண்டும். 1.4-இல் 12.96 கிடைக்கும், மயிரிழையில் தப்பிக்கலாம். ஆனால் லேப்டாப், ஹப் இரண்டுமே 1.4 ஆக இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: யூஎஸ்பி-சி டிஸ்ப்ளேபோர்ட் கேபிளால் மானிட்டரை லேப்டாப்பில் நேரடியாகச் சொருகி, விண்டோஸின் மேம்பட்ட டிஸ்ப்ளே அமைப்பைப் பாருங்கள். 60 வந்தால் மானிட்டரில் குறையில்லை; ஆனால் நேரடி இணைப்பில் நான்கு பாதைகளும் படத்துக்கே கிடைப்பதால், லேப்டாப் 1.4 தானா என்பதையும் பார்த்துவிட்டு ஹப் வாங்குங்கள். அப்போதும் 30 என்றால் புது ஹப் வாங்கிப் பயனில்லை.

ஹப் வழியாக 65 வாட் சார்ஜர் போட்டும் லேப்டாப்பில் "ஸ்லோ சார்ஜர்" என்று வருவது வேறு கதை. ஹப் தனக்கென 10 முதல் 15 வாட் ஒதுக்கிக்கொள்ளும்; லேப்டாப்புக்கு 50 சொச்சம்தான். 100 வாட் ஏற்கும் ஹப், 100 வாட் சார்ஜர், 5 ஆம்பியர் கேபிள் மூன்றும் வேண்டும். சாதாரண சி கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஹப்பில் ஹார்ட் டிஸ்க் இருக்கும்போது சார்ஜரைப் பிடுங்காதீர்கள். பல ஹப்புகளில் மின்சாரம் மாறும் அந்த நொடியில் டிஸ்க் துண்டிக்கப்படும், எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டுப்போகலாம்.